பேஸ்பால், பாஸ்கெட்பால் சீசன்ல ஒரு டீம் எத்தனை மேட்ச் ஜெயிக்கும்னு முன்கூட்டியே எப்படி கணக்கு போடுறாங்க?

முதல்ல ஒண்ணு, போன சீசன்ல எத்தனை ஜெயிச்சாங்கன்னு மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. எடுத்த ரன், விட்ட ரன் ரெண்டையும் பாக்கணும். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் சொன்ன ஃபார்முலா ரொம்ப சிம்பிள், எடுத்த ரன்னோட ஸ்கொயரை, ரெண்டு ஸ்கொயரோட கூட்டுத்தொகையால வகுத்தா வெற்றி விகிதம் வந்துடும்.

2012ல பால்டிமோர் ஓரியோல்ஸ்ங்கற பேஸ்பால் டீம எடுத்துக்கோங்க. 712 ரன் எடுத்து 705 விட்டாங்க, ஃபார்முலாபடி 162 மேட்ச்ல 82 தான் ஜெயிச்சிருக்கணும், ஆனா 93 ஜெயிச்சாங்க, ஏன்னா ஒரு ரன் வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச்ல 29 வெற்றி 9 தோல்வி, அதுல பாதிக்கு மேல அதிர்ஷ்டம்தான்னு நான் சொல்வேன். அடுத்த வருஷம் அதே மாதிரி மேட்ச்கள்ல 20-31, மொத்தம் 85 வெற்றி.

தனி பிளேயர் அடுத்த சீசன்ல எப்படி ஆடுவார்னு கணிக்க மார்செல்னு ஒரு முறை இருக்கு. பேட்டருக்கு கடைசி மூணு சீசனுக்கு 5, 4, 3னு வெயிட் குடுத்து, லீக் சராசரி பக்கம் கொஞ்சம் இழுத்து, வயசுக்கு ஏத்த மாதிரி திருத்துவாங்க, அவ்ளோதான், ஆனா இதை பெரிய மாடல்களே ஈஸியா தாண்ட முடியல.

பாஸ்கெட்பால்ல ஸ்கொயருக்கு பதிலா 14 கிட்ட பவர் போடுவாங்க, சின்ன பாயின்ட் வித்தியாசமே நிறைய வெற்றியா மாறும். ஒரு சீசனுக்கு 82 மேட்ச்தான், ஆனா கோர்ட்ல அஞ்சே பேருங்கறதால ஒரு ஸ்டார் போனா கணக்கே காலி. அமெரிக்க பாஸ்கெட்பால் டீம் கோல்டன் ஸ்டேட், முந்தின சீசன்ல 57 வெற்றி 25 தோல்வின்னு இருந்து 2019-20ல 15-50க்கு விழுந்துச்சு, ஸ்டார் பிளேயர் டுரன்ட் கிளம்பிட்டார், தாம்சன் காயத்தால ஆடவே இல்ல, கை முறிஞ்சதால கர்ரி ஆடினது வெறும் 5 மேட்ச். அந்த கை முறிவ எந்த மாடல் சொல்லும்?