கைதி சொல்லும் துப்பு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,
பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கும் கொலைக் கைதிகளிடம் யோசனை கேட்டால், துப்புத் துலங்காத வழக்குகள் துலங்காதா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

அன்புள்ள தம்பி,

கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1984இல் அமெரிக்காவின் கிரீன் ரிவர் தொடர்கொலை வழக்கில் துப்புத் துலக்க உதவுவதாக, பல பெண்களைக் கொன்று புளோரிடாவில் மரண தண்டனைக் கைதியாக இருந்த டெட் பண்டி தானே கடிதம் எழுதினான். ‘பிணத்தைப் போட்ட இடத்துக்குக் கொலையாளி திரும்ப வருவான், மறைந்திருந்து பிடியுங்கள்’ என்பது அவன் யோசனை. அது சரிதான் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தக் கொலைகளைச் செய்த கேரி ரிட்ஜ்வே 2001இல் சிக்கியதற்குக் காரணம், 1987இல் எடுத்து வைத்த எச்சில் மாதிரியின் டிஎன்ஏ.

அடுத்தவன் மனசைப் பற்றி ஒரு கைதி சொல்வது ஊகம். தான் புதைத்த இடத்தைச் சொன்னால் அது தடயம். போலீசுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

அதிலும் பொய் நுழையும். டெக்சாஸில் ஹென்றி லீ லூகாஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். போலீசே படங்களையும் கோப்பையும் காட்டி விவரத்தை ஊட்டிவிட்டது. சிகரெட்டும் மில்க் ஷேக்கும் தாராளமாகக் கிடைத்தன. அவன் ஏன் மறுக்கப் போகிறான்? வழக்குகள் மூடப்பட்டன, உண்மைக் கொலையாளிகள் தப்பினார்கள்.

நம் ஊரில் முறையாகச் செய்வதென்றால், கைதியைப் பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) வரவழைத்து, புது வழக்கில் கைது காட்டி, மாஜிஸ்திரேட்டிடம் போலீஸ் காவல் கேட்க வேண்டும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. காவலில் இருக்கும்போது அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. இந்தக் காவல் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு எலும்பைத் தோண்டினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

கிளம்புமுன்பே இடத்தின் அடையாளத்தை எழுதி வாங்க வேண்டும்: எந்த ரோடு, ஆற்றுக்கு எந்தப் பக்கம், உடைமரக் காடா, கைவிட்ட கல்குவாரியா, எத்தனை அடி ஆழம். ஸ்தலத்தில் அவன் முன்னே நடக்க, போலீஸ் பின்னால் போக வேண்டும். யாராவது “இங்கேயா?” என்று கை காட்டிவிட்டால் போச்சு. முழுவதும் வீடியோ, வி.ஏ.ஓ. முன்னிலையில் மகஜர். பத்திரிகையில் வராத ஒரு விவரத்தை, கயிற்றின் முடிச்சு மாதிரி, அவனிடம் சொல்லாமல் வைத்திருப்பது அவசியம். அதை அவனாகச் சொல்கிறானா என்று பார்க்கலாம்.

பத்து வருஷத்தில் குளம் தூர்ந்திருக்கும், நாலுவழிச் சாலை வந்திருக்கும். அவன் காட்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்பதாலேயே பொய் என்று எழுதிவிடக் கூடாது. பழைய கிராம வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து, மறுபடி தோண்ட வேண்டும்.