எச்பிடி-32 தீபக் பயிற்சி விமானத்தை இந்திய விமானப்படை ஏன் நிறுத்தியது? உள்நாட்டுத் தயாரிப்பைக் கைவிட்டது சரிதானா?

சரிதான். இன்னும் முன்னாடியே நிறுத்தியிருக்க வேண்டும் என்பேன்.

தீபக், அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உருவாக்கிய விமானம். 1977-இல் முதலில் பறந்தது. 260 குதிரைத்திறன் லைகமிங் பிஸ்டன் இன்ஜின், உள்ளே மடங்காத சக்கரங்கள், அருகருகே இரண்டு இருக்கைகள். அந்த இருக்கை அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதன்முதலாக விமானத்தை இயக்கும் ஸ்டிக்கைப் பிடிக்கிற பையன் எங்கே பார்க்கிறான், கையை எவ்வளவு இறுக்குகிறான் என்பதெல்லாம் பயிற்றுநருக்குப் பக்கத்திலேயே தெரியும். ஒரு தலைமுறை விமானிகள் இதில்தான் பறக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் பறக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும் கோளாறு கடைசிவரை தீரவில்லை. சிறிய விமானத்தில் அப்படி நின்றால் மூக்கைத் தாழ்த்தி, வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டு, நல்ல வயலாகத் தேடி மிதந்தபடியே இறங்க வேண்டும். தொடக்கப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. தீபக் அதற்கு இடம் கொடுக்காது. இன்ஜின் இழுக்காவிட்டால் உயரம் மளமளவென்று போய்விடும். ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இஜெக்‌ஷன் சீட்டும் இல்லை. முழு விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டைப் பொருத்தலாமா என்றுகூட யோசித்தார்கள்.

2009 ஜூலையில் மேதக் மாவட்டத்தில் விழுந்த தீபக்கில் இறந்த இருவருமே பயிற்றுநர்கள். அவர்களாலேயே காப்பாற்ற முடியாத விமானத்தை, நேற்று சேர்ந்த மாணவன் எப்படிக் காப்பாற்றுவான்? அதோடு தீபக்கைப் பறக்கவிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 17 விபத்துகளில் 19 விமானிகளை இழந்திருந்தோம்.

மாற்று விமானம் தயாராக இல்லாததுதான் அடுத்த கொடுமை. இரண்டாம் கட்டப் பயிற்சிக்கான கிரண் ஜெட்டில் புதியவர்களை நேராக ஏற்றினார்கள். 2012-இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் நிறுவனத்திடம் 75 பிசி-7 மார்க் 2 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 2013-இல்தான் அவை ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமிக்கு வந்தன. டர்போபிராப் இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் டர்பைனால் புரொபெல்லரைச் சுழற்றுவது), இஜெக்‌ஷன் சீட் இரண்டும் அதில் உண்டு.

இதை உள்நாட்டுத் தொழிலுக்கு நேர்ந்த அவமானம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. போர் விமானி ஆபத்தை ஏற்றுத்தான் பறக்கிறான். பறக்கவே கற்றுக்கொள்பவன் தலையில் அதைச் சுமத்தக் கூடாது. அதே எச்ஏஎல் உருவாக்கிய எச்டிடி-40, 2016-இல் பறந்தது. டர்போபிராப், இஜெக்‌ஷன் சீட் எல்லாம் இதிலும் இருக்கின்றன. 2023-இல் 70 விமானங்களுக்கு ஒப்பந்தமும் ஆனது. நம் நாட்டுத் தயாரிப்பில் பயிற்சி பெற வேண்டும் என்றால் இப்படி ஒன்றில்தான் பெற வேண்டும்.