கை விழுகிறது, வாய் குழறுகிறது, ஸ்கேன் மட்டும் நார்மல்!

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. போன வருடம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வலப்பக்கப் பார்வையில் ஜரிகை மாதிரி ஏதோ வளைந்து வளைந்து மின்னியது. அது பரவிப் பரவி, எழுதிய எழுத்தே தெரியாமல் போனது. கொஞ்ச நேரத்தில் வலது கை விரல்கள் மதமதத்தன, அப்புறம் முழங்கை, அப்புறம் உதடு, நாக்கு. 'டஸ்டரை எடு' என்று சொல்ல நினைத்தால் 'தட்டை எடு' என்று வருகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சாக்பீஸ் நழுவி விழுந்தது, வலது காலை இழுத்துத்தான் நடந்தேன். 108-ல் கொண்டுபோனார்கள். அங்கே போனபிறகு தலையைப் பிளக்கிற வலியும் வாந்தியும். மறுநாள் சாயங்காலம் எல்லாம் சரியாகிவிட்டது. இதுவரை மூன்று தடவை இப்படி வந்துவிட்டது. முதல் மருத்துவமனையில் மைல்டு ஸ்ட்ரோக் என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இரண்டாவது இடத்தில் வலிப்பு என்று வால்ப்ரோயேட், மூன்றாவது டாக்டர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு 'ஒண்ணும் இல்லை, டென்ஷனைக் குறைங்க' என்றார். அன்றிலிருந்து நான் நடிக்கிறேன் என்கிறார் மாமியார். என் அத்தைக்கும் சின்ன வயதில் இப்படித்தான் கை விழுந்துபோகுமாம், காத்துக்கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்களாம். எனக்கு என்னதான் வியாதி, யாரிடம் போவது?
– வாசகி, கரூர்

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான சொல் 'அப்புறம்'. விரல், அப்புறம் முழங்கை, அப்புறம் உதடு. பக்கவாதம் பெரும்பாலும் இப்படி வரிசையில் வராது. ரத்தக்குழாய் அடைத்த நொடியில், கரன்ட் போன வீடு மாதிரி, கையும் காலும் பேச்சும் ஒன்றாகப் போய்விடும். வலிப்பும் உடம்பில் பரவும்தான், ஆனால் விநாடிக் கணக்கில் பரவிவிடும். நிமிடக் கணக்கில் ஊர்ந்து போவது மைக்ரேனின், அதாவது ஒற்றைத் தலைவலியின், குணம்.

ஏன் ஊர்கிறது என்றால், மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை கிளம்பி, போகிற வழியில் இருக்கும் செல்களைத் தற்காலிகமாக அடக்கிக்கொண்டே போகிறது. 1941-ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் கண்ணில் தெரிந்த மின்னல் வளையத்தை அவ்வப்போது படம் வரைந்து, தன் மூளையில் எதுவோ நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டார். மூன்று வருடம் கழித்து, 1944-ல், பிரேசில்காரர் லியாவோ முயலின் மூளையில் அப்படியொரு அலையைப் பதிவே செய்துவிட்டார், அவர் தேடியது வலிப்பைப் பற்றி என்பது தனிக்கதை. நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் இருபது நிமிடத்தில் 6 சென்டிமீட்டர். கண்ணில் ஆரம்பித்தது நாக்குக்கு வந்துசேர உங்களுக்கு ஆன நேரத்தை யோசித்துப் பாருங்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய மாட்டேன். ஆனால் என் சந்தேகம் ஹெமிப்ளீஜிக் மைக்ரேன், அதாவது ஒரு பக்கம் உண்மையாகவே பலம் இழக்கும் மைக்ரேன். ரொம்ப அரிது, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு என்கிற அளவில். சிலர் சீட்டில் 'காம்ப்ளெக்ஸ் மைக்ரேன்' என்று எழுதுவார்கள். அது பழைய பொதுப்பெயர், இப்போதைய உலகத் தலைவலி வகைப்பாட்டில் கிடையாது, எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த வகை என்று சொல்ல, குறைந்தது இரண்டு தடவை வந்திருக்க வேண்டும், பலவீனத்தோடு பார்வையிலோ உணர்ச்சியிலோ பேச்சிலோ மாற்றம் இருக்க வேண்டும், எல்லாமே முழுசாகத் திரும்ப வேண்டும் (பலவீனம் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் போய்விடும்), வேறு காரணம் இல்லையென்று உறுதியாக வேண்டும். அத்தையின் கயிறும் இங்கே ஒரு சாட்சி. இது குடும்பத்தில் வரக்கூடியது, மூன்று மரபணுக்கள் நன்றாகத் தெரிந்தவை. மரபணுப் பரிசோதனைக்கு உடனே பணம் கட்டத் தேவையில்லை, அதில் ஒன்றும் வராவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது.

முதல் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கை விழுந்து வாய் குழறி வருபவரை முதலில் பக்கவாதமாகத்தான் பார்க்க வேண்டும், நானும் அதைத்தான் செய்திருப்பேன். இரண்டாவது இடத்தில் கொடுத்த வால்ப்ரோயேட்டில் ஒரு பொறி இருக்கிறது. அது வலிப்புக்கும் கொடுப்பது, மைக்ரேனைத் தடுக்கவும் கொடுப்பது. அதனால் 'மாத்திரைக்குக் கேட்டது, ஆகவே வலிப்புதான்' என்று முடிவுகட்ட முடியாது. உங்கள் வயதில் இன்னொன்றும் உண்டு, கர்ப்பத்தில் அது குழந்தையைப் பாதிக்கும், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குக் கோபம் மூன்றாமவர் மேல்தான். இந்த நோயில் ஸ்கேன் நார்மலாக வருவதுதான் வழக்கம். நார்மல் என்றால் பக்கவாதமோ கட்டியோ இல்லை என்று அர்த்தம், நடிக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. இதை மாமியாரிடம் வாசித்துக் காட்டலாம்.

சரி, யாரிடம் போவது? 'நரம்பு டாக்டர்' என்று பொதுவாகக் கேட்டால் ஆபரேஷன் செய்யும் நியூரோ சர்ஜனிடம் அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியவர் நியூராலஜிஸ்ட். மதுரை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வேலூர் சி.எம்.சி.யிலும் நரம்பியல் துறை உண்டு. போகும்போது ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒரு தாளில் மூன்று தடவை நடந்ததையும் கடிகார நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். எது முதலில், எத்தனை நிமிடம் கழித்து எது, எது எப்போது விட்டது என்று. பரிசோதனைகளைவிட அந்த ஒரு தாள் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

அடுத்த தடவை வந்தால் பக்கத்தில் இருப்பவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும், ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பிறகு. உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்ல வேண்டும். கை உண்மையாகவே பலம் இழந்தால் இறங்கும், திரும்பும். வெறும் மரமரப்பு என்றால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மரத்துப்போன கையைப் பலமிழந்த கை என்று நினைப்பது எல்லோருக்கும் நடப்பது, இரண்டும் வேறு நோய்ப்பெயருக்குக் கொண்டுபோய்விடும்.

எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாய்களையும், குறிப்பாகச் சிரைகளையும் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) பார்த்தார்களா என்று கேளுங்கள். இளம்பெண்களுக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தும் இப்படி வரும். இதய எக்கோ, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி., கருச்சிதைவு ஆகியிருந்தால் ரத்தம் உறையும் தன்மைக்கான பரிசோதனை, இவையும் தேவைப்படலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இப்படி முன்னறிகுறியோடு வரும் மைக்ரேனில் அது கூடாது, பக்கவாத அபாயத்தைக் கூட்டும். கோயில் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக்கடையில் 'மைக்ரேனுக்கு' என்று கேட்டு வாங்காதீர்கள். ட்ரிப்டான் வகையும் எர்காட் கலந்தவையும் இந்த வகைக்குக் கொடுக்கக் கூடாதவை பட்டியலில் இருக்கின்றன. இப்போது சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையையும் வால்ப்ரோயேட்டையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நோய் உறுதியானால் ஃப்ளுனாரிசின், வெரபமில் என்று தடுப்பு மருந்துகள் இருக்கின்றன.

நோய்ப்பெயர் தாளில் வரும்வரை ஒவ்வொரு தடவையும் 108-ஐக் கூப்பிடத்தான் வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையான பக்கவாதமாக இருந்துவிட்டால் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். பெயர் வந்தபிறகும், வழக்கமான வரிசை மாறினாலோ, எல்லாம் ஒரே நொடியில் வந்தாலோ, காய்ச்சலோ மயக்கமோ சேர்ந்தாலோ கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. போன வாரம் இடது கண்ணில் மட்டும் திரை இறங்கினாற்போல இருட்டி, பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. தலைவலி இல்லை. மகளுக்கு மைக்ரேன் இருக்கிறது, எனக்கும் அதுதானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை ஐயா, அப்படி நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. மைக்ரேன் மின்னலும் வளையமுமாகப் பரவும், எந்தக் கண்ணை மூடினாலும் பெரும்பாலும் தெரியும். உங்களுக்கு ஒரு கண், திடீர், வெறும் இருட்டு, அதுவும் 58 வயதில் முதல் தடவை. கழுத்து ரத்தக்குழாயிலிருந்து சின்ன உறைகட்டி கண்ணுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது, பெரிய பக்கவாதத்துக்கு முந்தைய எச்சரிக்கையாக இருக்கலாம். கழுத்து ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர், ஈ.சி.ஜி., மூளை ஸ்கேன் மூன்றும் உடனே வேண்டும். பத்திரிகை அச்சாகி வரும்வரை இது பொறுக்காது என்பதால் உங்கள் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டோம். இங்கே போடுவது, இதே மாதிரி வந்து 'சரியாகிடுச்சே' என்று இருப்பவர்களுக்காக.