பின்னமும் பணமும்: பட்டைப் படம் பற்றிய கேள்வி பதில்

மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 (ஐந்தாம் வகுப்பு) படிக்கிறாள். "குமார் தன் பணத்தில் 2/5 பங்குக்குப் புத்தகம் வாங்கினான். மீதியில் 1/4 பங்குக்குப் பேனா வாங்கினான். கையில் 36 வெள்ளி (டாலர்) இருக்கிறது. முதலில் எவ்வளவு இருந்தது?" இதில் அவள் 2/5-ஐயும் 1/4-ஐயும் கூட்டிவிடுகிறாள். எப்படித் திருத்துவது?

நிறையப் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். கூட்டாதே என்று சொல்வதைவிட, ஒவ்வொரு பின்னத்துக்கும் "எதில்?" என்று கேட்கச் சொல்லுங்கள். 2/5 முழுப் பணத்தில். 1/4 மீதிப் பணத்தில். இரண்டும் வேறு வேறு முழுமைகள். பிறகெப்படிக் கூட்டுவது?

சரி, இப்போது பட்டைப் படம் வரையலாம். நீளமாக ஒரு பட்டை, அதில் ஐந்து கட்டம். இரண்டைப் புத்தகத்துக்கு அடித்துவிடுங்கள். மீதி மூன்று கட்டம். மூன்றை நான்காகப் பங்கு போட முடியவில்லை அல்லவா? அதனால் எல்லாக் கட்டத்தையும் நான்கு நான்காக வெட்டுங்கள். இப்போது முழுப் பட்டையில் 20 சின்னக் கட்டம், மீதியில் 12. பேனாவுக்கு 3 போனால் 9 நிற்கும். 9 கட்டம் 36 வெள்ளி என்றால் ஒரு கட்டம் 4 வெள்ளி. முழுப் பணம் 80 வெள்ளி.

சரிபார்க்காமல் விடாதீர்கள்: புத்தகம் 32, மீதி 48, பேனா 12, கையில் 36.

வீட்டில் பின்னத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்வேன். "ஐந்தில் இரண்டு" என்னும்போது ஐந்து முதலில் வருகிறது. பட்டையும் அப்படித்தான்: முதலில் ஐந்தாக வெட்டு, அப்புறம் இரண்டை எடு.

"கமலாவின் பணத்தில் 2/3 பங்கும் மீனாவின் பணத்தில் 1/2 பங்கும் சமம். இருவரிடமும் சேர்த்து 140 வெள்ளி. ஒவ்வொருவரிடமும் எவ்வளவு?" இதில் மகன் இரண்டு பட்டையையும் ஒரே நீளத்தில் வரைகிறான்.

சமம் என்ற சொல்லைப் பார்த்ததும் அப்படி வரையத் தோன்றும். ஆனால் சமமாக இருப்பது அந்தப் பங்குகள்தான், மொத்தப் பணம் இல்லை. இங்கே கீழே உள்ள பகுதி எண்ணை விட்டுவிட்டு, மேலே உள்ள தொகுதி எண்ணைச் சமமாக்குங்கள்: 1/2 என்பது 2/4. கமலாவுக்கு 3 கட்டம், மீனாவுக்கு 4 கட்டம், எல்லாம் ஒரே அளவு. 7 கட்டம் 140 வெள்ளி. கமலாவிடம் 60, மீனாவிடம் 80.

நாங்கள் இந்தியாவில் x வைத்துப் போட்டோம். அதையே சொல்லிக்கொடுத்தால் என்ன?

சிங்கப்பூரில் 1980களில் இந்தப் பட்டைப் பட முறையை உருவாக்கியதே, சொற்கணக்கைப் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று திகைக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். அந்தக் கட்டம்தான் உங்கள் x. கண்ணால் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு உயர்நிலையில் x புதிதாகத் தெரியாது. இப்போதைக்கு அவசரப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

தொடக்கநிலை 2 பையனுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சில்லறையிலிருந்து. ஐந்து 20 காசு நாணயங்களை வரிசையாக அடுக்குங்கள். அதுதான் ஒரு வெள்ளிப் பட்டை. ஒரு நாணயத்தை எடுத்தால் ஐந்தில் ஒன்று. அடுத்து இரண்டு 50 காசு, பிறகு பத்து 10 காசு. நாணயங்களைச் சுற்றி அவனையே பென்சிலால் கட்டம் போடச் சொல்லுங்கள்.