ஒரு நாட்டின் மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பை, அதாவது கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதை, எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

எல்லாம் ஆய்வகத்தில்தான் தொடங்குகிறது. நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ கிடைத்த பாக்டீரியாவை, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்ந்த சின்னச் சின்ன வட்டுகளை வைப்பார்கள். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். அது நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இருந்தால் அந்த மருந்து எடுபடாது. முடிவுகள் தேசிய மையத்தில் சேரும். பல நாடுகள் அங்கிருந்து, உலக சுகாதார நிறுவனம் 2015இல் தொடங்கிய கிளாஸ் (GLASS) என்ற உலகளாவிய கண்காணிப்புத் திட்டத்துக்கும் அனுப்புகின்றன.

சரி, சிக்கல் எங்கே? ஒரே நோயாளியிடம் அதே கிருமி நான்கு முறை வந்தாலும் முதல் மாதிரியை மட்டுமே எண்ண வேண்டும். இதையாவது மென்பொருள் வடிகட்டிவிடும். பெரிய ஓட்டை வேறு: பல இடங்களில் மருந்து கேட்காத பிறகுதான் கல்ச்சருக்கே, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கே, அனுப்புகிறார்கள். சுலபமாகக் குணமானவர்கள் கணக்கில் வருவதே இல்லை. அதனால் எதிர்ப்புச் சதவீதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியலாம். யாரை, எப்போது சோதித்தார்கள் என்று சொல்லாத சதவீதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.