பழக்குலைக்கு ஒரு பதிவேடு: பிளாக்செயின் குறித்த கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை பயிரிடும் சிறுதோட்டக்காரர்களும் கடைக்காரர்களும் உணவுப் பொருள் வணிகத்தில் பிளாக்செயின் (பலர் பகிர்ந்து வைத்திருக்கும் கணினிப் பதிவேடு) பயன்பாடு பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

ஆலையில் ஏற்கெனவே கணினிக் கணக்கு இருக்கிறது, ஐயா. பிளாக்செயினில் என்ன புதுமை? (ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்)

ஆலையின் கணினியில் உள்ள கணக்கு ஆலையின் கையில் மட்டுமே இருக்கிறது. பிளாக்செயினில் விற்பவர், வாங்குபவர், ஆலை, ஏற்றுமதியாளர் எனப் பல தரப்பினரிடம் அதே கணக்கின் படிகள் இருக்கும். ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியிலிருந்து கணக்கிடப்பட்ட 'ஹாஷ்' என்னும் அடையாளக் குறியைத் தாங்கியிருக்கும். பழைய எடையில் ஓர் எண்ணை மாற்றினாலும் அந்தக் குறி மாறி, அதற்குப் பிந்தைய தொகுதிகளோடு பொருந்தாமல் போய்விடும். எவராலும் மாற்றவே முடியாது என்று விற்பனையாளர்கள் சொல்வது மிகை. மற்றவர்களுக்குத் தெரியாமல் மாற்ற முடியாது என்பதே சரி; உறுப்பினர்கள் சிலரே உள்ள வலையமைப்பில் அனைவரும் கூடிப் பேசிக்கொண்டால் அந்தக் காப்பும் இல்லை.

இதனால் எங்காவது உண்மையான பயன் கிடைத்திருக்கிறதா? (மளிகைக்கடை நடத்தும் அம்மையார்)

கிடைத்திருக்கிறது, அம்மா. அமெரிக்காவில் 2006இல் பசலைக்கீரை வழியாக இ-கோலை கிருமி பரவியபோது, கெட்ட கீரை எந்தத் தோட்டத்தினது என்று உடனே அறிய வழியில்லாததால், பச்சைப் பசலைக்கீரையே உண்ண வேண்டாம் என்று நாடு முழுவதும் எச்சரிக்க நேர்ந்தது. தவறேதும் செய்யாத விவசாயிகளும் அதில் நட்டப்பட்டார்கள். பின்னர் அமெரிக்கப் பேரங்காடி நிறுவனமான வால்மார்ட், கணினி நிறுவனமான ஐபிஎம்முடன் சேர்ந்து நடத்திய சோதனையில், நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்றின் மூலத்தைத் தேட முன்பு ஏறத்தாழ 7 நாள் ஆன வேலை 2.2 விநாடியில் முடிந்தது. இந்த வேகத்தில் பெரும்பங்கு, எல்லாரும் ஒரே வடிவத்தில் முன்கூட்டியே பதிவு செய்ததற்கு உரியது என்பது என் கருத்து.

குலை வாங்குமிடத்தில் எடையைக் குறைத்துப் போட்டால் பிளாக்செயின் கண்டுபிடிக்குமா? (லாரி ஓட்டுநர்)

கண்டுபிடிக்காது, தம்பி. இதை எல்லாரும் மனத்தில் இருத்த வேண்டும். உள்ளே போன பதிவைப் பின்னர் திருத்தாமல் காப்பதுதான் இத்தொழில்நுட்பத்தின் வேலை. பொய்யான எடை உள்ளே போனால் அந்தப் பொய்யையும் அதே உறுதியோடு காத்து நிற்கும். மேலும், பல சிறுதோட்டக்காரர்களின் குலைகள் வாங்குமிடத்தில் ஒன்றாகக் குவிக்கப்பட்டு ஒரே லாரியில் ஏறுகின்றன. பழம் பறித்தபின் தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடும் என்பதால், ஒவ்வொருவர் குலையையும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருக்க எவருக்கும் பொழுதில்லை. ஆலைத் தொட்டியில் எண்ணெய் கலந்த பிறகு, இந்தப் போத்தல் இன்னார் தோட்டத்தினது என்று எந்தக் கணினியும் சொல்ல முடியாது. இன்னின்ன தோட்டங்களின் குலைகள் சேர்ந்த எண்ணெய் என்று மட்டுமே சொல்லலாம்.

ஆகையால் குவிப்பதற்கு முன் நடக்கும் நிறுவைதான் சிறுதோட்டக்காரரின் உரிமை நிலைக்கும் இடம். எடைமேடையின் அளவு மனிதக் கை படாமல் நேரே பதிவாக வேண்டும். காய்க்குலைக்காகக் கழித்த எடை தனியே தெரிய வேண்டும். அதே நொடியில் தோட்டக்காரரின் கைப்பேசிக்கும் செய்தி போய், அவர் ஒப்பிய பின்னரே பதிவு முடிவாக வேண்டும். இவை இல்லாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஐரோப்பியச் சட்டத்துக்கு இது கட்டாயமா? (தோட்ட அலுவலகக் கிராணி)

இல்லை. காடழிப்பைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் எந்தத் தொழில்நுட்பத்தையும் கட்டாயமாக்கவில்லை. செம்பனையும் ரப்பரும் விளைந்த நிலம் 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்து உருவானது அன்று என்பதற்குச் சான்றும், நிலத்தின் இருப்பிடக் குறியீடும் கேட்கிறது. நடைமுறைத் தேதி தள்ளிப்போடப்பட்டாலும் இந்த அடிப்படை மாறவில்லை. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட துண்டுக்கு எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு புள்ளி போதும். ஒரே துண்டாகப் பத்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது 4 ஹெக்டேரைச் சற்றே தாண்டுகிறது.

பிட்காயினைப் போல மின்சாரத்தை விழுங்குமா?

விழுங்காது. உணவு வணிகத்தில் பெரும்பாலும் பயன்படுபவை, அறிமுகமான உறுப்பினர்கள் மட்டுமே பதியும் வலையமைப்புகள். பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தில் புதிய தொகுதியைச் சேர்க்க எண்ணற்ற கணினிகள் கணக்குப் புதிரைத் தீர்க்கப் போட்டியிடும்; இவற்றில் அந்தச் 'சுரங்கப்' போட்டி கிடையாது.

எங்கள் கூட்டுறவு இதில் பணம் போடலாமா? (கூட்டுறவுச் செயலவை உறுப்பினர்)

சொந்தமாக ஒன்றை உருவாக்கப் பணம் போட வேண்டாம். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், ஐபிஎம் ஆகிய பெருநிறுவனங்கள் கப்பல் சரக்குக்காகத் தொடங்கிய டிரேட்லென்ஸ் தளமே, துறையினரின் போதிய ஒத்துழைப்புக் கிடைக்காமல் மூடப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. இப்போதைக்கு ஒவ்வோர் உறுப்பினரின் நிலப்பட்டா, விற்பனை உரிமம், எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்) சான்றிதழ், எடைச்சீட்டுகள் ஆகியவற்றை ஒழுங்காகச் சேர்த்து, நில எல்லையையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள்; நாளை எந்தத் தளம் வந்தாலும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். ஆலையோ ஏற்றுமதியாளரோ தங்கள் தளத்தில் சேர அழைத்தால், கட்டணம் யாருடையது, நாம் பெற்ற விலையை வேறு யாரெல்லாம் பார்ப்பார்கள், விலகும்போது நம் பதிவுகளின் படியைத் தருவார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையொப்பமிடுங்கள்.