இறக்கிய பிறகு எங்கே? – ட்ரக் கேள்வி பதில்

(அமெரிக்காவில் சொந்த ட்ரக் ஓட்டும் வாசகர்களின் கேள்விகளுக்கு, 19 ஆண்டுகளாகச் சொந்த வண்டியோடு சாலையில் இருப்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணே, போன வருடம்தான் சொந்தமாக ஒரு ட்ரக்கும் 53 அடி டிரை வேனும் (குளிர்சாதனம் இல்லாத மூடிய பெட்டி) வாங்கினேன். இருப்பது அட்லாண்டாவில். மயாமிக்கு மைலுக்கு 3 டாலர் 20 சென்ட் தருகிறார்கள். சிகாகோவுக்கு 2.30தான். ஆனாலும் பழைய ஆட்கள் எல்லாரும் ஃபுளோரிடா பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்கிறார்கள். 90 சென்ட் கூடக் கிடைக்கிறதே, அதை ஏன் விடவேண்டும்?
– ஜார்ஜியா வாசகர்

பதில்: தம்பி, அந்த 90 சென்ட் நீங்கள் காலியாகத் திரும்பி வருவதற்கான காசு. அதைப் போகும்போதே கையில் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஃபுளோரிடாவுக்கு மூன்று பக்கமும் கடல். உள்ளே இரண்டு கோடிக்கும் மேல் ஜனம். அரிசி, சோப்பு, சோபா, டயர் எல்லாம் வெளியிலிருந்து போகவேண்டும். அங்கிருந்து வெளியே வரும் சரக்கோ அதற்கு ஈடாக இல்லை. அந்த வழியாக வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களும் கிடையாது. போன வண்டி அத்தனையும் அதே வழியாகத்தான் திரும்பவேண்டும். நூறு வண்டி திரும்ப நிற்கிற இடத்தில் முப்பது லோடு இருந்தால் லோடு பிடித்துத் தரும் புரோக்கர் என்ன ரேட் சொல்வான்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மயாமிக்குச் சுமார் 660 மைல். 3.20 வீதம் 2,112 டாலர். இறக்கியாயிற்று. அங்கே லோடு இல்லை. 230 மைல் எம்ப்டியாக லேக்லேண்ட் வரை ஏறி வருகிறீர்கள். அங்கிருந்து அட்லாண்டாவுக்கு 470 மைல், 1.40 வீதம் 658 டாலர். மொத்தம் 2,770 டாலர், ஓடியது 1,360 மைல். மைலுக்கு 2 டாலர் 4 சென்ட்தான் நிற்கிறது. இப்போது சிகாகோ. போக 715 மைல், 2.30 வீதம் 1,644. வர அதே தூரம் 2.40 என்று வையுங்கள், 1,716. லோடு எடுக்கப் போக 40 மைல் எம்ப்டி. 3,360 டாலர், 1,470 மைல். மைலுக்கு 2 டாலர் 29 சென்ட்.

மைலை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 25 சென்ட்தான், போகட்டும் என்று தோன்றும். நாளை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சட்டம் விடாது, அதையும் டூட்டி ஆரம்பித்த 14 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். சிகாகோ போய்வர நான்கு நாள், ஆக நாளுக்கு 840 டாலர். மயாமியில் லோடுக்குக் காத்திருந்ததையும் சேர்த்தால் ஐந்து நாள், நாளுக்கு 554. வண்டித் தவணையும் இன்சூரன்சும் நாள்கணக்கில்தானே ஓடுகின்றன? வண்டி நிற்கிறது என்று பேங்க்காரன் தவணையைக் குறைக்கமாட்டான்.

இந்தக் கணக்கு எனக்குப் புத்தியால் வந்ததில்லை. 2014 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மயாமிக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கிடங்கில் இறக்கினேன். ரேட் பிரமாதம். ‘ரிட்டர்ன் லோடு நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று போனில் சொன்ன புரோக்கர் அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறு கேட்கவே வேண்டாம். ட்ரக் ஸ்டாப்பில் தார் உருகுகிற வெயில். ஏசி வேண்டுமானால் எஞ்சினை ஓடவிடவேண்டும், சும்மா நிற்கும்போதே மணிக்கு முக்கால் காலனுக்கு (கிட்டத்தட்ட மூன்று லிட்டர்) மேல் டீசல் குடிக்கும். அணைத்தால் பத்து நிமிடத்தில் கேபின் அடுப்பு. அரை மணி ஓடவிடுவதும் அணைப்பதுமாக நான்கு ராத்திரி கழிந்தது. திங்கட்கிழமை மைலுக்கு 95 சென்ட்டுக்கு ஒரு லோடு வந்தது. மறுபேச்சு பேசாமல் எடுத்தேன்.

அன்றைக்கு டேஷ்போர்டில் கிடந்த ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஊர், இறக்கிய நேரம், அடுத்த லோடு ஏற்றிய நேரம், இடையில் ஓடிய எம்ப்டி மைல். ரேட்டை அதில் எழுதுவதே இல்லை, அது பில்லில் இருக்கிறது. ஒரு ஊர் என்னை எத்தனை மணி நேரம் பிடித்துவைத்தது என்பது எந்தப் பில்லிலும் வராது. டல்லாஸ் பெரும்பாலும் அன்றைக்கே விட்டுவிடும். டென்வர் ஒன்றரை நாள் வைத்திருக்கும். அதுவும் ஃபுளோரிடா மாதிரிதான், உள்ளே போவது அதிகம், வெளியே வருவது குறைவு. எம்ப்டியாகக் கிளம்பலாம் என்றாலும் அடுத்த பெரிய ஊர் 500, 600 மைல் தள்ளி இருக்கிறது. சிகாகோ பக்கம் ரேட் சுமாராக இருந்தும் நான் ஏன் போகிறேன் என்றால், அங்கே லோடு இல்லாவிட்டால் 185 மைலில் இண்டியானாபொலிஸ் இருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால் கொலம்பஸ், லூயிவில் எல்லாம் கைக்கு எட்டும் தூரம். நாலு கதவு உள்ள வீடு அது. மயாமிக்கு ஒரே கதவு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஃபுளோரிடாவே ஆகாது என்று எழுதி ஒட்டிவிடாதீர்கள். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை தக்காளி, சோளம், தர்பூசணி எல்லாம் அறுவடையாகி வெளியே வரும். ரீஃபர் (குளிர்பதனப் பெட்டி) வைத்திருப்பவர்கள் எல்லாரும் காய்கறிக்கு ஓடிவிடுவதால் டிரை வேனுக்கும் ரேட் ஏறும். தர்பூசணியை டிரை வேனிலேயே ஏற்றுவதும் உண்டு. அப்போது கதை தலைகீழ்: உள்ளே போகும் ரேட் இறங்கும், வெளியே வரும் ரேட் ஏறும். உங்களிடம் ரீஃபர் இருந்தால் பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வரும் பூக்களில் பெரும்பகுதி மயாமி விமான நிலையத்தில்தான் இறங்குகிறது. காதலர் தினத்துக்கு ரோஜா ஏற்றி நாலு காசு பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். நான் ரீஃபர் வைத்திருந்தது இரண்டு வருடம்தான். ராத்திரி பூரா அந்த மெஷின் சத்தத்தில் தூங்க முடியாமல் விற்றுவிட்டேன்.

கேள்வி: டீசல் மலிவான மாநிலத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு, விலை அதிகமான மாநிலத்தில் ஓட்டினால் லாபம்தானே? பிராந்திய ரேட்டைக் கணக்குப் போடும்போது பம்ப் விலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
– டெக்சாஸ் வாசகர்

பதில்: பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். பல மாநிலங்களில் ஓடுகிற கனரக வண்டிக்கு இஃப்டா என்ற ஒப்பந்தப்படிதான் டீசல் வரி. எங்கே வாங்கினீர்கள் என்பது கணக்கில்லை, எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினீர்களோ அந்த மாநிலத்துக்கு வரி போய்ச் சேரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்யும்போது நேராகிவிடும். டெக்சாஸில் மாநில வரி காலனுக்கு 20 சென்ட்தான். அங்கே நிரப்பிக்கொண்டு வரி அதிகமான மாநிலத்தில் எரித்தால் மீதியை அப்புறம் கட்டத்தான் வேண்டும்.

அதனால் பம்ப் விலையிலிருந்து மாநில வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் 3.60, அதில் வரி 60 சென்ட். இன்னொரு இடத்தில் 3.45, அதில் வரி 20 சென்ட். போர்டைப் பார்த்தால் இரண்டாவது மலிவு. வரியைக் கழித்தால் முதல் இடம் 3.00, இரண்டாவது 3.25. முதல் இடத்தில்தான் நிரப்பவேண்டும். ஓரிகன் தனிக் கதை. அங்கே நம் மாதிரிக் கனரக வண்டிக்கு டீசலில் மாநில வரி இல்லை, எடைக்கும் மைலுக்கும் ஏற்ப வேறு வரி வாங்குவார்கள். டீசல் மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிட்டு அந்த மைல் வரியை லோடு கணக்கில் சேர்க்க மறந்து, வீட்டுக்கு வந்தபின் தலையில் கைவைத்தவன் நான்.

கேள்வி: லோடுகளைப் பட்டியலிடும் இணையதளமான லோடு போர்டில் ஒவ்வொரு ரூட்டுக்கும் சராசரி ரேட் காட்டுகிறார்களே, அதை நம்பிப் பேரம் பேசலாமா?
– ஒஹாயோ வாசகர்

பதில்: சராசரி என்பது நேற்று வரைக்குமான கதை. உங்களுக்கு வேண்டியது இன்றைக்கு அந்த ஊரில் எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை லோடு தொங்குகிறது என்பது. லோடுக்கும் வண்டிக்கும் உள்ள விகிதத்தையும் அதே போர்டில் காட்டுகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் மணியைப் பாருங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கொலம்பஸில் நின்றேன். மத்தியானம் இரண்டரை மணி. சார்லட்டுக்கு ஒரு லோடு, 430 மைல், 800 டாலர். புரோக்கருக்குப் போன் போட்டேன். ‘வண்டி எங்கே இருக்கிறது?’ என்றார். பக்கத்தில்தான் என்றேன். காலையிலிருந்து காலியாக நிற்கிறது என்று சொல்லியிருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். 1,150 கேட்டேன். ‘முடியாது’ என்று வைத்துவிட்டார். மூன்றே காலுக்கு அவரே கூப்பிட்டார், ‘900?’ அப்படியானால் லோடு இன்னும் போகவில்லை, கிடங்கு ஐந்து மணிக்கு மூடிவிடும். ‘1,000 என்றால் இருபது நிமிடத்தில் வாசலில் இருப்பேன்’ என்றேன். பேசிய தொகையை உறுதிசெய்யும் ரேட் கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது. ஆனால் இது எப்போதும் பலிக்காது. இதே வித்தையை டென்வரில் காட்டி, போனைப் பார்த்துக்கொண்டே திங்கட்கிழமை வரை உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: மைலுக்கு எவ்வளவு கிடைத்தால் நஷ்டமில்லை?
– பெயர் வேண்டாம் என்கிறார், இல்லினாய்ஸ்

பதில்: உங்கள் செலவு எனக்குத் தெரியாதே! ஏடிஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் 2023-க்குப் போட்ட சராசரி மைலுக்கு 2 டாலர் 27 சென்ட். அதில் டிரைவர் சம்பளமும் அடக்கம். நம் ஆட்கள் டீசல், தவணை, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் எழுதுவார்கள், தன் சம்பளத்தை மட்டும் எழுதமாட்டார்கள். மிச்சமிருப்பதுதான் சம்பளம் என்று சமாதானம் வேறு. உங்கள் சம்பளத்தை முதல் வரியில் எழுதிவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியா போகலாமா? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள்.
– அரிசோனா வாசகர்

பதில்: முதலில் எஞ்சின் எந்த வருடத்தியது என்று பாருங்கள். 2010-க்கு முந்தைய எஞ்சின் என்றால் பேச்சே இல்லை, 2023 முதல் அங்கே ஓடவிடமாட்டார்கள். புதிய வண்டி என்றால் தாராளமாகப் போகலாம். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் இருப்பதால் வெளியே வர லோடு கிடைக்கும், டீசல் விலைதான் கடிக்கும். ரீஃபர் வைத்திருந்தால் கீரை எங்கே போகிறதோ அங்கே நீங்களும் போகவேண்டும். கோடையில் லெட்டூஸ் சாலினாஸ் பள்ளத்தாக்கில். நவம்பர் வாக்கில் மொத்தமாக உங்கள் யூமா பக்கம் வந்துவிடும், வசந்தத்தில் திரும்பப் போய்விடும். டிசம்பரில் சாலினாஸில் போய் நின்றுகொண்டு லோடு இல்லை என்று புலம்பினவரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குத் திரும்பும் லோடை எவ்வளவு குறைவாக எடுக்கலாம்? மனைவி கேட்கச் சொன்னார்.
– டென்னஸி வாசகர்

பதில்: தங்கை கேட்பதால் சொல்கிறேன். டீசலும் டோலும் தேறினால் எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு முறைக்கு மேல் அப்படி எடுக்க நேர்ந்தால் ரேட்டைக் குறைசொல்லிப் பயனில்லை, தவறான திசையில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். போகும்போதே, வெள்ளிக்கிழமை வீட்டுப் பக்கம் லோடு கிடைக்கிற ஊரில் இறக்குவது மாதிரி வாரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் மகள் பிறந்தநாளுக்கு நானே மைலுக்கு 1 டாலர் 10 சென்ட்டுக்கு ஒரு லோடு எடுத்து வந்தேன். நோட்டில் அந்த வரியும் இருக்கிறது. பிடித்துவைத்த நேரம்: 61 மணி. ஊர்ப் பெயர் எழுதும் இடத்தில் ‘வீடு’ என்று போட்டிருக்கிறேன்.